புடாபெஸ்ட் வயலினும் ராஜபாளையத்துப் பாட்டியும்: ஒரு கிராமத்து மெட்டு ஆர்கெஸ்ட்ரா ஆகும் கதை

ஹெட்போன் பக்கத்துல இருக்கா? மாட்டிக்கிட்டு, இளையராஜாவோட 'திருவாசகம்' ஆல்பத்தைத் தேடி எடுங்க. 2005-ல் வந்தது. அதுல கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஓடுற சிவபுராணப் பாட்டைத்தான் எல்லோரும் முதல்ல கேட்பாங்க. இன்னைக்கு அதை விட்டுட்டு, திருப்பொற்சுண்ணம் பகுதியை ஓட விடுங்க.

திருப்பொற்சுண்ணம்னா என்ன? சாமி நீராடுறதுக்கான வாசனைப்பொடியைப் பெண்கள் கூட்டமா நின்னு உலக்கை போட்டு இடிச்சுக்கிட்டே பாடுற பாட்டு. அதாவது, வேலைப்பாட்டு. மாணிக்கவாசகர் வீட்டு முற்றத்துல கேட்ட அந்த வடிவத்தை எடுத்து, அதுல சிவனை வெச்சுப் பாடினார். அம்மானை, ஊசல், சாழல்னு திருவாசகத்துல இப்படிப் பெண்களோட விளையாட்டுப் பாட்டு வடிவங்கள் நிறைய உண்டு. இந்த ஆல்பத்துல அந்த உலக்கைப் பாட்டுக்குப் பின்னால வாசிக்கிறது யார் தெரியுமா? புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. ஹங்கேரியின் தலைநகரத்துக்காரங்க. நடத்தினவர் லாஸ்லோ கோவாச்.

ஏன் ஹங்கேரி? இதுக்கு ஒரு சாதாரண பதில் இருக்கு. நல்லா வாசிக்கிற பெரிய இசைக்குழு, லண்டனைவிடக் குறைஞ்ச செலவு. உலகத்துல எத்தனையோ சினிமாக்களோட பின்னணி இசை அங்கேதான் பதிவாகுது. ஆனா, பொருத்தம்னு பார்த்தா இதைவிட நல்ல ஊர் கிடைச்சிருக்காது. கிராமத்து மெட்டை எடுத்து ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் ஆக்குறது எப்படின்னு நூறு வருஷத்துக்கு முன்னாடி உட்கார்ந்து யோசிச்ச நாடு அது. அந்தக் கதையை ராஜபாளையத்துலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ இருந்து படிக்கிறீங்கன்னா, பாதி உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு பாடினா...

1904-ஆம் வருஷம். பேலா பார்டோக்குக்கு வயசு 23. பியானோ வாசிக்கிறதுல பெரிய ஆள். அமைதியா இருந்து இசை எழுதலாம்னு ஒரு கிராமத்துக்குப் போறார். (அந்த இடம் இப்போ ஸ்லோவாக்கியாவுல இருக்கு.) அங்கே தங்கியிருந்த ஒரு குடும்பத்துல குழந்தையைப் பார்த்துக்க லிடி தோஷான்னு ஒரு பொண்ணு. டிரான்சில்வேனியாப் பக்கத்து மலை ஊர்க்காரி. அவ தன்பாட்டுக்குப் பாடுறது பார்டோக் காதுல விழுது. இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன்னா, 'ஹங்கேரி இசை'ன்னு இவர் அதுவரைக்கும் நம்பிக்கிட்டிருந்ததுக்கும் இந்தப் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்போ ஊரே 'ஹங்கேரி இசை'ன்னு சொன்னது, நகரத்து காபி கடைகள்ல ஜிப்சி வாத்தியக்காரர்கள் வாசிச்ச இசையை. லிஸ்ட் எழுதின ஹங்கேரியன் ராப்சடிகளும் பிராம்ஸ் எழுதின ஹங்கேரியன் நடனங்களும் அந்த வாடையில வந்தவைதான். கேட்க அட்டகாசமா இருக்கும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா, வயக்காட்டுல விவசாயி பாடினது வேற. நம்ம ஊர்ல சினிமா 'குத்துப்பாட்டை'க் கேட்டுட்டு இதுதான் கிராமிய இசைன்னு ஒரு வெளிநாட்டுக்காரர் நினைச்சா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அடுத்த வருஷம் ஸோல்தான் கோடாய்னு இன்னொரு இளைஞர் பார்டோக்குக்கு அறிமுகமாகிறார். ரெண்டு பேரும் எடிசனோட ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராக் கிளம்பினாங்க. ஊதுகுழல் மாதிரி ஒரு கொம்பு, சுழலுற மெழுகு உருளை. பாட்டி கொம்புக்கு முன்னாடி நின்னு பாடணும். ஓர் உருளையில சில நிமிஷம்தான் பிடிக்கும். கிராமத்துக்காரங்க சிரிச்சிருக்காங்க, சந்தேகப்பட்டிருக்காங்க, 'இதெல்லாம் எதுக்குய்யா உனக்கு'ன்னு கேட்டிருக்காங்க. இருந்தும் ஆயிரக்கணக்கான பாட்டுகள் சேர்ந்தது. 1906-ல், அதுல இருந்து 20 பாட்டை, ஆளுக்குப் பத்தாப் பிரிச்சு பியானோ துணையோட புத்தகமாப் போட்டாங்க.

கறுப்புக் கட்டையை மட்டும் தொடுங்க

1907-ல் டிரான்சில்வேனியா போன பார்டோக் ஒண்ணைக் கவனிச்சார். வயசானவங்க பாடுற பழைய பாட்டெல்லாம் அஞ்சே ஸ்வரத்துல ஓடுது!

இதை நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். போன்ல ஏதாவது ஓர் இலவச பியானோ ஆப் இறக்குங்க. வெள்ளைக் கட்டையை மறந்துடுங்க. கறுப்புக் கட்டைகள் ரெண்டு ரெண்டாவும் மூணு மூணாவும் இருக்கும். மூணு கட்டைக் கூட்டத்துல முதல் கட்டையை 'ஸ'ன்னு வெச்சுக்கிட்டு, அங்கிருந்து கறுப்புலயே வரிசையா மேல ஏறுங்க. கேட்ட மாதிரி இருக்கா? மோகனம். 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டோட அதே ராகம். இப்போ ரெண்டு கட்டைக் கூட்டத்துல ரெண்டாவது கட்டையை 'ஸ'ன்னு வெச்சு ஏறுங்க. அதே அஞ்சு கட்டைதான், மனநிலை மட்டும் மாறிடும். அது சுத்த தன்யாசி. 'ஹிமகிரி தனயே' கேட்டிருந்தா உடனே பிடிபடும். பார்டோக் அந்த மலையூர்கள்ல கண்டுபிடிச்ச பழைய ஹங்கேரிப் பாட்டுகளோட எலும்புக்கூடு இந்த ரெண்டாவது வரிசைதான்.

உடனே 'பாருங்க, ஹங்கேரிக்காரன் நம்ம ராகத்தைப் பாடியிருக்கான்'னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. அஞ்சு ஸ்வரப் பாட்டு சீனாவுல உண்டு, ஸ்காட்லாந்துல உண்டு, ஆப்பிரிக்காவுல உண்டு. ராகம்ங்கிறது வெறும் ஸ்வர வரிசையும் இல்லை. கமகம் வேணும், பிடிப்பு வேணும். ஆனாலும் காது இந்தப் பாட்டுகளை அந்நியமா நினைக்காது. அதுதான் இங்கே விஷயம். (இன்னொரு வேடிக்கை: மேற்கத்திய இசைப் புத்தகங்கள் 'ஹங்கேரியன் மைனர்'னு சொல்ற ஏழு ஸ்வர வரிசை, அப்படியே நம்ம சிம்மேந்திரமத்யமம். 'பன்னீர் புஷ்பங்கள்' படத்துல வர்ற 'ஆனந்த ராகம்' நினைவுக்கு வருதா? ஆனா, அது பார்டோக் தேடின விவசாயி இசை இல்லை, அந்த காபி கடை இசையோட அடையாளம்.)

பாட்டுகளை ரெண்டு வகையாகவும் பிரிச்சாங்க. ஒண்ணு, பேச்சு மாதிரி இழுத்து, தாளக் கணக்கு இல்லாமப் போறது. இன்னொண்ணு, ஆடுறதுக்குன்னே அடி பிசகாமப் போறது. நம்ம ஒப்பாரியையும் தாலாட்டையும் முதல் பெட்டியில போடுங்க, கும்மியையும் ஒயிலாட்டத்தையும் ரெண்டாவது பெட்டியில போடுங்க. அவங்க பழைய பாட்டு மேலே எடுத்துக் கீழே கீழே இறங்கி வந்து முடியும். நம்ம ஊர் ஒப்பாரியும் பெரும்பாலும் அப்படித்தானே? தொண்டை கிழிய மேலே எடுத்து, கடைசியில முனகலா வந்து அடங்கும்.

மெட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

சேகரிச்சாச்சு. அடுத்து? இங்கேதான் பார்டோக் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளாகிறார். நாட்டுப்புற இசையைப் பயன்படுத்த மூணு வழி இருக்குன்னு பின்னாள்ல எழுதினார். ஒண்ணு, மெட்டை அப்படியே எடுத்துப் பின்னணி சேர்க்கிறது. ரெண்டு, அந்தச் சாயல்ல சொந்தமா ஒரு மெட்டுப் போடுறது. மூணு, மெட்டும் இல்லை, நகலும் இல்லை. ஆனா, இசை முழுக்க அந்த மண்ணோட மூச்சு இருக்கிறது. தாய்மொழியில யோசிக்கிற மாதிரி அதுலயே யோசிக்கிறது.

முதல் வகைக்கு அவரோட 'ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்' கேளுங்க. 1915-ல் பியானோவுக்கு எழுதி, பிறகு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தினது. ஆறு குட்டி நடனம், எல்லாம் சேர்ந்து ஏழு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். பஸ் வர்றதுக்குள்ள கேட்டுடலாம். ரெண்டாவது வகைக்கு 1923-ல் வந்த 'டான்ஸ் சூட்'. ஒரு நிஜ நாட்டுப் பாட்டுகூடக் கிடையாது, எல்லாம் சொந்த மெட்டு. மூணாவதுக்கு 1943-ல் அமெரிக்காவுல நோயோட எழுதின 'கான்சர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா'. இது முதல் தடவையே பிடிக்கணும்னு அவசியம் இல்லை. மத்ததெல்லாம் கேட்டுட்டு ஒரு ராத்திரி இருட்டுல கேளுங்க.

கோடாய் இன்னும் எளிமை. 'ஹாரி யானோஷ்' சூட் எப்படி ஆரம்பிக்குதுன்னு கேளுங்க. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒரு பெரிய தும்மல் போடும்! கதை சொல்லும்போது யாராவது தும்மினா அந்தக் கதை நிஜம்ங்கிறது அவங்க ஊர் நம்பிக்கை. நம்ம வீட்டுல பேசிக்கிட்டிருக்கும்போது பல்லி கத்தினா 'பாரு, பல்லியே சொல்லுது'ம்பாங்களே, அதேதான். அதுலயே சிம்பலோம்னு ஒரு கம்பி வாத்தியம் வரும். நம்ம சந்தூரோட உறவுக்கார வாத்தியம். ஆர்கெஸ்ட்ரா நடுவுல அது மின்னுறது தனி சுகம். அப்புறம் 1933-ல் எழுதின 'கலாந்தா நடனங்கள்'. கலாந்தா அவர் சின்ன வயசுல வளர்ந்த ஊர்.

இந்த மூணு வழியை வெச்சு நம்ம பாட்டுகளை அளந்து பாருங்களேன். நம்ம ஃபியூஷன் மேடைகள்ல 90 சதவிகிதம் முதல் வழியிலேயே நின்னுடுது. பறை அடிச்சு, மேல நாலு வயலின், ஒரு கிட்டார், முடிஞ்சது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தப்போ ஊரே திரும்பிப் பார்த்ததுக்குக் காரணம், அது ரெண்டாவது வழியில போனது. பண்ணைப்புரத்துல வளர்ந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோட மேடை மேடையா ஊர் சுத்தின ஒருத்தர், அந்த மெட்டுகளை மனப்பாடமா வெச்சிருந்து புதுசாப் போட்டார். சென்னையில தன்ராஜ் மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்ட மேற்கத்திய இசையும் கையில இருந்தது. பார்டோக்கிட்ட இருந்த அதே ரெண்டு கைப்பிடி.

நூல் நூற்ற வீட்டுல பாட்டு

ஹங்கேரிக் கிராமங்கள்ல குளிர்காலம் வந்தா, வெளி வேலை இருக்காது. சாயங்காலம் பெண்கள் எல்லாம் ஒரே வீட்டுல கூடுவாங்க. ஆளுக்கொரு கதிர் வெச்சு நூல் நூற்பாங்க. வாய் சும்மா இருக்குமா? பாட்டு, கிண்டல், விடுகதை, வரன் பார்க்கிறது, எல்லாம் அங்கேதான். கோடாய் அந்த அறையை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். 'செக்கேய் நூற்பறை'ன்னு சொல்லக்கூடிய அந்த இசை நாடகம், 1932-ல் புடாபெஸ்ட் ஆப்பரா ஹவுஸ்ல அரங்கேறியது. அதுல வசனம் தனியா இல்லை. நாட்டுப் பாட்டுகளே வரிசையா வந்து கதை சொல்லும், பெரிய கோரஸோட.

நூல்னதும் ராஜபாளையத்துக்காரங்களுக்கு எது நினைவுக்கு வரும்? மில்லு. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்ச காலத்துல இருந்து, பஞ்சும் நூலும் பேண்டேஜ் துணியும்தான் அந்த ஊரோட சோறு. ஆனா, ஸ்பின்னிங் மெஷின் ஓடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவ பேசுறதே கேட்காது, பாட்டு எங்கே கேட்கும்? கையால செய்த வேலைக்குப் பாட்டு இருந்தது. நடவு, களையெடுப்பு, ஏத்தம், உலக்கை, எல்லாத்துக்கும். டிராக்டருக்கும் மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் பாட்டு கிடையாது. இது யார் தப்பும் இல்லை. உலக்கை இடிச்ச கைகிட்ட போய் 'திரும்ப இடி, பாட்டு நல்லா இருந்தது'ன்னு சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. கோடாய்க்கும் இது தெரியும். அந்த நூற்பறைகளும் நிலைக்கப்போறதில்லைன்னு தெரிஞ்சுதான் அவர் பாட்டை வேற இடத்துல குடியேத்தினார். அந்த இடம் பள்ளிக்கூடம்.

குழந்தைகளுக்கு முதல்ல வாத்தியம் இல்லை, தொண்டைதான். முதல் பாட்டு, தாய்மொழியில இருக்கிற நாட்டுப் பாட்டா இருக்கணும். ஸ்வரத்தைக் கையால காட்டிக் கத்துக்கணும். இதுதான் அவர் வழி. 1950-ல் அவர் பிறந்த கெச்கெமேட் ஊர்ல இதுக்குன்னு ஓர் ஆரம்பப் பள்ளியே திறந்தாங்க. கைச்சைகையை அவர் ஓர் ஆங்கிலேய ஆசிரியரோட முறையில இருந்து எடுத்துக்கிட்டார். ஸ்பீல்பெர்க்கின் 'க்ளோஸ் என்கவுன்ட்டர்ஸ்' படத்துல வேற்றுக்கிரக ஆளுகிட்ட கையால ஸ்வரம் காட்டிப் பேசுவாங்களே, அதே சைகைதான். 2016-ல் யுனெஸ்கோ, நாட்டுப்புற இசையைக் காப்பாத்த கோடாய் வகுத்த முறையை அங்கீகரிச்சுப் பட்டியல்ல சேர்த்தது.

நம்மகிட்ட இப்படிக் கோரஸா பாடுற ஆசை வந்த ஆள் இல்லையா? இருந்தார். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். சென்னையில 'மெட்ராஸ் யூத் கொயர்' ஆரம்பிச்சு, பாரதியார் பாட்டையெல்லாம் பல குரல் அடுக்குல பாட வெச்சவர். மேற்கத்திய இசை தெரியாத சாதாரணப் பிள்ளைகளையும் வெச்சு அதைச் செஞ்சு காட்டினார். 1988-ல் போய்ட்டார். அவர் வழியை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் கொண்டுபோயிருக்கலாம்ங்கிறது என்னோட தீராத ஆதங்கம்.

12 கிலோமீட்டருக்குள்ள எவ்வளவு இருக்கு!

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல சுமாரா 12 கிலோமீட்டர் இருக்கும். பால்கோவா வாங்கப் போற தூரம். இந்தத் தூரத்துக்குள்ள காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு நடந்தா, பார்டோக் மாதிரி ஆளுக்கு ஒரு வருஷ வேலை கிடைக்கும்.

ஆண்டாள் கோயில்ல அரையர் சேவை இன்னும் நடக்குது. தமிழ்நாட்டுல ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர்னு வெகு சில இடத்துலதான் இது மிச்சம். கூம்பு மாதிரி குல்லா, கையில தாளம், பாசுரத்தை இசையோட சொல்லி அபிநயம் பிடிப்பாங்க. பரம்பரையா குடும்பத்துக்குள்ளேயே காது வழியா வர்ற இசை. திருப்பாவையோ, தோழிகளைக் கூப்பிட்டு எழுப்பிக் கூட்டமாப் போற பாட்டு. பிறக்கும்போதே கோரஸ். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அதுக்கு ராகம் அமைச்சு, எம்.எல்.வசந்தகுமாரி பாடிப் பிரபலமான பிறகு, நமக்கு அது தனி ஆள் பாடுற கச்சேரிப் பாட்டாவே மனசுல பதிஞ்சுடுச்சு. மார்கழி விடியற்காலையில தெருவுல கூட்டமாப் பாடிப் போறவங்களைக் கேட்டாத்தான் அதோட பழைய முகம் தெரியும்.

கொஞ்சம் தெற்கே போனா சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளம். அண்ணாமலை ரெட்டியார் ஊர். கழுகுமலை முருகனுக்குக் காவடி தூக்கி நடக்கிறவங்க பாடுற சிந்து மெட்டை எடுத்து, 19-ஆம் நூற்றாண்டுல அவர் எழுதின காவடிச்சிந்து இன்னைக்குச் சபாக்கள்ல வயலின், மிருதங்கத்தோட பாடப்படுது. இளம் வயசுலயே இறந்துபோன மனுஷர். நடக்கிற காலோட தாளம் கச்சேரி மேடை ஏறினதுக்கு இதைவிட நல்ல உதாரணம் நம்ம பக்கத்துல இல்லை.

ராஜபாளையத்துல இன்னொரு விசேஷம். ராஜு குடும்பங்கள்ல வீட்டுக்குள்ள தெலுங்கு, தெருவுல தமிழ். கம்பளத்து நாயக்கர்களோட தேவராட்டமும் உறுமியும் இந்தக் கரிசல் பக்கம் முழுக்க உண்டு. மெட்டு இந்த வேலியையெல்லாம் சட்டை பண்ணாது. பார்டோக் கண்டதும் அதான். ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியான்னு மொழி மாறுது, மெட்டு வேலி தாண்டித் தாண்டிப் போகுது. 1936-ல் துருக்கி போய்ப் பதிவு பண்ணினப்போ அங்கேயும் பழைய ஹங்கேரி மெட்டோட சாயல்! 'எங்க பாட்டு சுத்தமான பாட்டு'ன்னு பேசின அரசியல்காரங்களுக்கு இது இனிக்கலை. நாஜிகள் பக்கம் நாடு சாய்ஞ்சப்போ, 1940-ல் அவர் அமெரிக்கா கிளம்பிப் போனார். 1945-ல் நியூயார்க்லயே இறந்தார்.

வரி இருக்கு, மெட்டு எங்கே?

நம்ம பக்கமும் சேகரிச்ச பெரியவங்க உண்டு. நா.வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-ல் வந்தது. கி.வா.ஜகந்நாதன் பதிப்பிச்ச 'மலையருவி' அதுக்கும் முந்தி. அருமையான வேலை. ஆனா, நம்ம நாட்டுப்பாடல் தொகுப்புகள்ல பெரும்பாலானவற்றுல வரிதான் இருக்கும், மெட்டு இருக்காது. தாலாட்டோட வரியை வாசிச்சா மாமன் சீர் தெரியும், தூக்கம் வராது. தூக்கம் வர வைக்கிறது மெட்டு. அதை நோட்டுப் புத்தகத்துல எழுத முடியாது, பாடினவங்க போனா கூடவே போயிடும். முளைப்பாரிக் கும்மிக்கே இப்போ ஸ்பீக்கர் பாட்டு போடுற ஊர்கள் வந்தாச்சு.

பார்டோக் தோள்ல சுமந்த பெட்டியைவிடப் பல மடங்கு நல்ல மெஷின் உங்க பாக்கெட்ல இருக்கு. அவர் செஞ்ச மாதிரியே செய்யலாம்.

முதல்ல பாட்டிகிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க. ரெக்கார்ட் பண்றது தெரியணும், யாருக்குப் போடப்போறீங்கன்னும் தெரியணும். ஃபேனை நிறுத்துங்க, போனை ஏரோபிளேன் மோடுல போடுங்க, ஒரு முழம் தள்ளி மடிச்ச துண்டு மேல வைங்க. வீடியோ வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா கேமராவைப் பார்த்தா பாட்டிக்குக் கூச்சம் வந்து ரெண்டு வரியில நிறுத்திடுவாங்க. 'ஒரு பாட்டு பாடு ஆச்சி'ன்னு கேட்டா 'எனக்கென்ன பாட்டு தெரியும்'னுதான் பதில் வரும். 'அம்மாவைத் தொட்டில்ல போட்டு என்ன பாடுனீங்க'ன்னு கேளுங்க. வரும்.

ஒப்பாரியை நல்ல நாள்ல வீட்டுக்குள்ள பாட மாட்டாங்க. ஆகாதுன்னு நினைப்பாங்க. கட்டாயப்படுத்தாதீங்க. தோட்டத்துப் பக்கமோ களத்துமேட்டுலயோ உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கும்போது தானா வந்தா சரி.

சுருதிப்பெட்டி, ட்ராக், கைத்தட்டல் எதுவும் வேண்டாம். அவங்க சுருதி நடுவுல மாறினா மாறட்டும். அந்த இழுப்பும் நெளிவும்தான் சரக்கு. பார்டோக் உருளையை மெதுவாச் சுழல விட்டு, ஒவ்வொரு நெளிவையும் குறிச்சார். உங்க பிளேயர்ல 0.5 வேகம்னு ஓர் ஆப்ஷன் இருக்கும், அதுவே போதும். அப்புறம் அந்த பியானோ ஆப்பை எடுத்து, கறுப்புக் கட்டையில சிக்குதான்னு பாருங்க.

பாட்டு முடிஞ்சதும் ரெக்கார்டை நிறுத்தாதீங்க. யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, எந்த ஊர்ல, எந்த வேலைக்கு, கூட யாரெல்லாம் பாடுவாங்கன்னு அவங்க குரல்லயே சொல்ல வைங்க. பேரும் தேதியும் போட்டு ஃபைலைச் சேமிங்க. சித்திக்கும் மாமாவுக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பும்போது ஆடியோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லைன்னா ஒலி சுருங்கிப்போயிடும். ஒரு காப்பி டிரைவ்ல, இன்னொரு காப்பி பென்டிரைவ்ல.